ஆள் நிற்கவில்லை என்றால் எதை எண்ணுவது? சுங்கை சிப்புட் முதலாளிகள் கேட்ட கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 22 வருடம் அலுவலகக் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்தவள் நான். யார் வந்தார், யார் வரவில்லை என்று செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தினமும் எழுதுவதுதான் என் வேலையில் பாதி. இப்போது டவுனில் சின்ன முதலாளிகளுக்கும் தோட்டக் குத்தகையாளர்களுக்கும் சம்பளக் கணக்கு, ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) எல்லாம் பார்த்துத் தருகிறேன். வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான்: ஆள் வேலையில் நிற்பதில்லை. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆள் நிற்கவே மாட்டேங்கிறாங்க அக்கா. இதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

எண்ணினால்தான் யார் நிற்கவில்லை என்று தெரியும். சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி இதே வார்த்தையைத்தான் சொன்னார். கடையில் 14 பேர். சம்பளப் புத்தகத்தை எடுத்து, ஒரு வருடத்தில் போனவர்கள் பெயரை எழுதச் சொன்னேன். ஒன்பது பெயர் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று எழுதச் சொன்னேன். நான்கு பேர் மங்கு (தட்டு, கிண்ணம்) கழுவ வந்தவர்கள். இரண்டு பேர் சாயங்காலக் கல்லாவில் உட்கார்ந்தவர்கள். தோசைக்கல்லில் நிற்கிறவரும் பட்டறையில் தண்ணி (டீ, காப்பி) கலக்குகிறவரும் பல வருடமாக அதே இடத்தில்தான் இருக்கிறார்கள்.

அவருடைய கடையில் ஆள் நிற்கிறார்கள். இரண்டு இடம் மட்டும் ஆளைத் தங்கவிடவில்லை. ஒரு வருடமாக எல்லோர்மேலும் எரிச்சலாக இருந்தவர், அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதனால் தலையை எண்ணுவதோடு நிறுத்தாமல், எந்த நாற்காலி காலியாகிறது என்பதையும் எண்ணுங்கள்.

சதவீதம் போடுகிறார்களே, அது எப்படி?

வருடத் தொடக்கத்தில் இருந்த ஆள் எண்ணிக்கையையும் முடிவில் இருந்ததையும் கூட்டி இரண்டால் வகுங்கள். அது சராசரி. வருடத்தில் போனவர்களை அந்தச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அந்தச் சாப்பாட்டுக்கடையில் தொடக்கத்தில் 14, முடிவில் 12, சராசரி 13. போனவர்கள் 9. ஒன்பதைப் பதின்மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட 69 சதவீதம்.

மில்லிலோ பெரிய தோட்டத்திலோ இந்த எண் உதவும். முதலாளி அடுத்த வருடம் இதே கணக்கைப் போட்டு ஒப்பிடலாம். ஆனால் இந்த எண் மட்டும் இருந்தால் யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. 69 என்பது காய்ச்சல் அளவு மாதிரி. எங்கே வலிக்கிறது என்று அது சொல்லாது.

எங்கள் கடையில் எட்டே பேர். எங்களுக்குச் சதவீதம் எதற்கு?

வேண்டாம். எட்டுப் பேரில் ஒருவர் போனால் 12.5 சதவீதம், இரண்டு பேர் போனால் 25. ஒரே ஆள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போனாலும் எண் எகிறிவிடும். ஆள் கணக்கிலேயே பேசுங்கள்: "இந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கு மேல் போகக்கூடாது." இது போதும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது? பாதியாகக் குறைப்போம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

"பாதியாக" என்பது ஆசை. இலக்கு என்றால் யார், எந்த வேலை, எத்தனை, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கடைத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "ஜனவரி முதல் ஜூன் வரை, மங்கு கழுவும் இடத்திலிருந்து ஒருவருக்கு மேல் விலகக்கூடாது."

அதற்குக் கீழே இரண்டாவது வரி ஒன்று போட்டேன். எனக்கு அந்த இரண்டாவது வரிதான் முக்கியம். போவதும் இருப்பதும் வேலையாள் எடுக்கும் முடிவு, அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது நீங்கள் செய்கிற காரியம். அதனால் இரண்டாவது வரி முதலாளி தனக்கே வைத்துக்கொள்ளும் இலக்கு. அவருடைய வரி: "மங்கு கழுவுகிறவர் இரவு 10 மணிக்கு மேல் நிற்கும் நாள் வாரத்துக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது." அதை அவர் தினமும் காலண்டரில் குறித்தார். முதல் வாரம் நான்கு குறி விழுந்தது. போன நான்கு பேரும் ஏன் போனார்கள் என்று அப்புறம் நான் விளக்கவே தேவை இருக்கவில்லை.

முதல் வரி மட்டும் இருந்தால் வேலையாள்மேல் கோபம்தான் வளரும். இரண்டு வரியும் சேர்ந்து இருக்கட்டும்.

ஆள் போனால் வேறு ஆள் எடுக்கலாம். இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கணக்கே போட்டுப் பார்ப்போம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்கு பிப்ரவரி 1 முதல், ஐந்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆகஸ்டு 1 முதல். வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. புது ஆள் முதல் இரண்டு வாரம், அதாவது 12 நாள், பாதி வேலைதான் செய்வார் என்று வையுங்கள். அந்தப் பாதிக்கு மட்டும் 392 வெள்ளி. ஒரே இடத்துக்கு வருடத்தில் நான்கு ஆள் மாற்றினால் 1,500 வெள்ளியைத் தாண்டிவிடும். பழக்குகிறவரின் ஓவர்டைம், உடைந்த மங்கு, கோபித்துக்கொண்டு எழுந்துபோன வாடிக்கையாளர், இவை எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

செம்பனையில், அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில், இது இன்னும் மோசம். குலை வெட்டும் சுற்று 10 முதல் 14 நாளுக்குள் வர வேண்டும். வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் இல்லாமல் போனால் சுற்று நீள்கிறது, பழம் கனிந்து உதிர்கிறது, உதிரிப் பழத்தைப் பொறுக்கவும் ஆள் போதவில்லை. மில்லுக்குப் போய்ச் சேரும்போது எண்ணெயின் அமிலத்தன்மை ஏறியிருக்கும், தரம் போய்விடும். ஆள் போன நஷ்டம் சம்பளப் புத்தகத்தில் தெரியாது, மில் சீட்டில்தான் தெரியும்.

முதலில் எதைப் பார்ப்பது?

முதல் 90 நாளை. வேறு எதையும் அளக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது அளங்கள். இந்த வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தொண்ணூறாவது நாளில் இன்னும் இருந்தார்கள்? 12 பேர் சேர்ந்து 7 பேர் இருந்தால் 58 சதவீதம். அடுத்த 12 பேரில் 9 பேர் இருக்க வேண்டும் என்பது நியாயமான இலக்கு.

நான் பார்த்தவரை புது ஆள் போவது பெரும்பாலும் முதல் சம்பளத்துக்கு முந்தின நாளிலோ பிந்தின நாளிலோதான். முந்தின நாள் போகிறவர் வேலையைத் தாங்க முடியாமல் போகிறார். பிந்தின நாள் போகிறவர், சொன்ன சம்பளமும் கைக்கு வந்த சம்பளமும் ஒன்றாக இல்லை என்று போகிறார். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் செக்ரோலில் போன தேதியை எழுதும்போது, அது சேர்ந்து எத்தனையாவது நாள் என்றும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஏன் போகிறாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல மாட்டேங்கிறாங்களே?

உங்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? பாக்கிச் சம்பளம் உங்கள் கையில் இருக்கிறது. நாளைக்கு அவருடைய தம்பி உங்களிடம் வேலை கேட்டு வர வேண்டியிருக்கும். சின்ன ஊர்.

நான் கிராணியாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். களைக்கு மருந்து அடிக்கும் பெண்கள் கும்பலில் ஒன்பது பேர். ஐந்து மாதத்தில் நான்கு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். நால்வரும் சொன்ன காரணம் ஒன்றே: "உடம்புக்கு முடியல." நானும் அதையே எழுதினேன். மருந்து நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மேலே அறிக்கை போயிற்று. புது முகக்கவசம், புதுக் கையுறை வந்தது. அவை வேண்டியதுதான், வந்தது நல்லதே. ஆனால் ஐந்தாவது ஆளும் வேலையை விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்த நால்வரில் ஒருவரைப் பார்த்தேன். மடியில் மூன்று வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. விசிறிக்கொண்டே சொன்னார்: "லோரி அஞ்சே முக்காலுக்கு வந்துடுது கிராணியம்மா. பாலர் பள்ளி திறக்கிறது ஏழு மணிக்கு. மாமியார் இருந்த வரைக்கும் பார்த்துக்கிட்டாங்க. இப்ப யார்கிட்ட விட்டுட்டு வர்றது?"

மறுநாள் செக்ரோலைப் புரட்டினேன். வேலையை விட்ட ஐந்து பேரில் நால்வருக்கு ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை. தொடர்ந்து இருந்த நால்வரில் ஒருவருக்குக்கூடக் கிடையாது. பழைய காலத்தில் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியிலேயே பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் தோட்டத்தில் அது மூடப்பட்டதை நாங்கள் யாரும் ஆள் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஐந்து மாதமாக என் கையாலேயே "உடம்புக்கு முடியவில்லை" என்று எழுதினேன் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

கடைசியில் மருந்துக் கும்பலுக்கு மட்டும் இரண்டாவது லோரி ஏழே காலுக்கு என்று முடிவானது. நாங்கள் வைத்த இலக்கும் இந்த லோரிதான்: ஒரு மாதத்தில் எத்தனை காலை ஏழே காலுக்கு அது கிளம்பியது? 26-க்கு 24 வேண்டும். லோரி ஓட்டுகிறவரே சுவரில் கோடு போட்டுக் குறித்தார். அந்த வருடம் முடியும்வரை அந்தக் கும்பலிலிருந்து யாரும் வேலையை விடவில்லை.

ஆக, காரணம் கேட்பதற்கு என் வழி இது: போன அன்றைக்குக் கேட்காதீர்கள். பாக்கியெல்லாம் கொடுத்து முடித்து, ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். முதலாளி கேட்காமல் அவர் மதிக்கும் வேறு ஒருவர் கேட்கட்டும். "ஏன் போனாய்?" என்ற கேள்வியை விட, "எந்த நாளில் போய்விடலாம் என்று தோன்றியது?" என்ற கேள்விக்கு நல்ல பதில் வரும்.

சம்பளத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடாதா?

குறைவாக இருந்தால் கூட்டத்தான் வேண்டும், அதற்கு மாற்று இல்லை. ஆனால் கூட்டுவதற்கு முன்னால், கொடுக்கிற சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். 1955-ஆம் ஆண்டின் வேலை வாய்ப்புச் சட்டப்படி சம்பள மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்குப் போக வேண்டும். வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி, 2023 ஜனவரி 1 முதல். அதற்கு முன் 48. இன்னும் 48-லேயே கணக்கு ஓட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன். மூன்று மணி நேர ஓவர்டைம் ஒவ்வொரு வாரமும் காணாமல் போகிறது என்பது வேலையாளுக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டார்.

குலை வெட்டுகிறவர்களிடம் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். வெட்டிய குலையின் காம்பில் தன் எண்ணை எழுதி, பாதையோரத்தில் அடுக்கி வைப்பார். எண்ணுகிறவர் வந்து குறித்துப் போவார். மழை நாளில் மை அழியும். 84 குலை வெட்டினேன், 79 என்று எழுதியிருக்கிறது என்பார். ஐந்து குலைக்கான காசு பெரிய காசில்லை. ஆனால் மூன்று மாதம் அதே மாதிரி நடந்து, கேட்டால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பதில் வந்தால், அவர் பக்கத்துத் தோட்டத்தில் என்ன ரேட் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். இங்கே நான் சொல்லும் இலக்கு: அந்த மாதம் எத்தனை சம்பளப் புகார் வந்தது, அதில் எத்தனை அடுத்த சம்பள நாளுக்கு முன் தீர்ந்தது. வந்தது குறைய வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள், ஆள் வாயை மூடிக்கொள்வார். வந்தது முழுவதும் தீர வேண்டும் என்று வையுங்கள்.

தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு மறு மாதமே போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

இது எல்லோருக்கும் வரும் வயிற்றெரிச்சல். ஆனால் தேதிகளைப் பாருங்கள். அந்த ஆள் தீபாவளிக்குப் பிறகு முடிவெடுத்தாரா, அல்லது ஆகஸ்டிலேயே முடிவெடுத்து போனஸுக்காகக் காத்திருந்தாரா? அநேகமாக இரண்டாவதுதான். அப்படியானால் சரிசெய்ய வேண்டியது ஆகஸ்டில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தனியாகப் பேசுவது என்று ஒரு இலக்கு வையுங்கள்.

இன்னொன்று. தைப்பூச மாதத்தை அதற்கு முந்தின மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். போன வருடத் தைப்பூச மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

படிக்கப் போகிறவர், சிங்கப்பூருக்குப் போகிறவர், எல்லோரும் கணக்கில் சேர்வார்களா?

மொத்தத்தில் சேரட்டும், ஆனால் தனிப் பத்தியில். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி உங்கள் கல்லாவில் இருந்துகொண்டே பாலிடெக்னிக்கில் இடம் வாங்கினால், அது உங்கள் கடைக்குப் பெருமை. ஈப்போ அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊரில் இளவட்டம் எல்லோரையும் பிடித்து வைக்க முடியாது. நீங்கள் தடுத்திருக்கக்கூடிய விலகலுக்கு மட்டும் இலக்கு வையுங்கள்.

பிரசவத்துக்குப் போகிறவர்கள் இந்தப் பத்தியில் வர மாட்டார்கள். 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். விடுப்பு முடிந்து எத்தனை பேர் திரும்பினார்கள் என்று தனியாக எண்ணுங்கள். நேரத்தை மாற்றித் தரும்படி அவர் எழுதிக் கேட்டால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதே வேலை வாய்ப்புச் சட்டத்தில் இருக்கிறது. 60 நாள் வேண்டாம், ஒரு வாரத்தில் சொல்லுங்கள். கைப்பிள்ளையோடு இருக்கிறவர் இரண்டு மாதம் காத்திருக்க மாட்டார்.

வெளிநாட்டுத் தொழிலாளிகள் ஓடிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் போக மாட்டார்கள் இல்லையா?

செய்யாதீர்கள். 1966-ஆம் ஆண்டின் கடப்பிதழ் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது குற்றம். சட்டம் இல்லை என்றாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் தலைமுறைக்கு இது தெரியும். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டால் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும். என் அப்பா 31 வருடம் ஒரே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். இன்றைய கணக்குப்படி அவர் "தங்கிய" ஆள். போக இடம் இல்லாமல் இருந்தார் என்பதுதான் உண்மை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 31 வருடம் தங்கியவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே கதிதான். அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் நம்ம ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்.

போக முடியாததால் இருக்கிற ஆளை "நின்ற ஆள்" என்று கணக்கில் எழுதினால், அந்தக் கணக்கு பொய். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு நீங்கள் வைக்க வேண்டிய இலக்குகள்: ஒப்பந்தத்தில் சொன்ன வேலையும் சம்பளமும் முதல் மாதச் சீட்டில் அப்படியே இருந்ததா? வெளிநாட்டு ஆளுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி வரியை அவர் சம்பளத்தில் பிடிக்காமல் நீங்களே கட்டினீர்களா? தங்குமிடத்தில் குழாய் உடைந்தால் எத்தனை நாளில் சரிசெய்தீர்கள்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருக்கும் இடத்தில் ஆள் ஓடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆளை நிற்க வைத்தால் போனஸ் என்று மண்டோருக்கு (கும்பலை மேய்க்கும் மேற்பார்வையாளருக்கு) சொல்லலாமா?

பார்த்துச் செய்யுங்கள். கங்காணி காலத்தில் ஒரு ஆள் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்கு இவ்வளவு என்று தலைக்காசு இருந்தது. அந்தக் காசு ஆளைப் பிரட்டுக்குக் கொண்டுவரும் அக்கறையைக் கொடுத்தது. அந்த ஆளுக்குக் காய்ச்சலா என்று பார்க்கும் அக்கறையை அது கொடுக்கவில்லை.

இன்றைக்கும் அதே ஆபத்து உண்டு. "இந்த மாதம் யாரும் போகக்கூடாது" என்று மண்டோருக்குக் காசு வைத்தால், போக நினைக்கிறவரின் கடிதத்தை அவர் மேசை டிராயரில் போட்டுவிடுவார். மண்டோருக்கு வைக்க வேண்டிய எண் வேறு: போனவர்களில் எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போனார்கள்? வேலை ஒப்பந்தத்தில் வேறு எதுவும் இல்லை என்றால், இரண்டு வருடத்துக்குக் கீழே 4 வாரம், ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் முன்னறிவிப்பு என்று சட்டம் சொல்கிறது. மண்டோரைப் பயப்படாமல் பார்க்க முடிந்த இடத்தில் ஆள் சொல்லிவிட்டுத்தான் போவார். போன வருடம் பத்துக்கு மூன்று பேர் சொன்னார்கள் என்றால், இந்த வருடம் ஆறு பேர் என்று இலக்கு வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்?

உங்கள் இரண்டாவது வரியை வாரம் ஒரு தடவை. ஆள் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. கம்ப்யூட்டர் வேண்டும் என்பதில்லை, ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். பெயர், வேலை, சேர்ந்த தேதி, போன தேதி, எத்தனையாவது நாள், சொல்லிவிட்டுப் போனாரா, ஒரு மாதம் கழித்துச் சொன்ன காரணம்.

போனவர் திரும்பி வந்து வேலை கேட்டால் எடுக்கலாமா?

எடுங்கள். வேலை தெரிந்தவர், மற்ற இடத்தையும் பார்த்துவிட்டு வருகிறார். நோட்டில் அவருக்கென்று ஒரு பத்தி போட்டு, எது மாறியதால் வந்தார் என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் மருந்துக் கும்பலில் வேலையை விட்ட ஐந்து பேரில் மூவர், ஏழே கால் லோரி ஓடத் தொடங்கிய இரண்டாவது மாதத்தில் வந்தார்கள். செக்ரோலில் அவர்களுக்குப் புது எண் கொடுக்கச் சொன்னார் மேலாளர். நான் பழைய எண்ணையே கொடுத்தேன்.